தார்ன்வெல் கோட்டையிலிருந்து முப்பத்தெட்டு நிமிடம்

குமுளி மலைப்பாதையின் நாலாவது வளைவில் தங்கப்பாண்டியன் பிரேக்கை மிதிக்கவில்லை. ஹாரனை மட்டும் அழுத்தினான். எதிரே முக்கி முனகி ஏறி வந்த லாரி பதறி ஒதுங்கியது. ஜீப்பின் பக்கத் தகரம் தடுப்புச் சுவரில் உரசிக் கிறீச்சிட்டது. லாரிக்காரன் மலையாளத்தில் திட்டியது காதில் விழுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

பின் சீட்டுகள் காலியாகக் கிடந்தன. ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பதினாலு பெண்களையும் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு இறங்குவதுதான் அவன் பிழைப்பு. அன்றைக்கு, 2009 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர்களை இன்னொரு ஜீப்காரனிடம் ஒப்படைத்துவிட்டு மத்தியானம் ஒன்றேகாலுக்கே கிளம்பிவிட்டான். காரணம், அவன் மனைவி ஹேமாவதி செல்போனில் சொன்ன நாலே வாக்கியம்.

"லண்டன் போலீஸ்ல இருந்து போன் வந்துச்சு. உங்க தம்பிய ரெண்டு நாளாக் காணோமாம். ரெண்டு மணிக்குத் திரும்பக் கூப்பிடுவாகளாம். நீங்கதான் பேசணுமாம்."

தம்பி விஜயகுமார் இருந்தது லண்டனில் இல்லை. அங்கேயிருந்து நாலு மணி நேரம் ரயிலில் போகிற ஏதோ ஒரு சின்ன ஊரில். ஆனால் கூடலூரைப் பொறுத்தவரை இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். மதுரையில் சிவில் இன்ஜினீயரிங் முடித்தவன், பழைய கட்டிடங்களை விழாமல் நிறுத்தி வைப்பது எப்படி என்று படிக்க ஒரு வருடத்துக்கு முன்னால் விமானம் ஏறினான். "இடிஞ்சு போனத நிறுத்தி வைக்க ஒரு படிப்பாடா?" என்று அன்றைக்குத் தங்கப்பாண்டியன் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் விமான நிலையம் வரைக்கும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனான்.

லோயர் கேம்ப் தாண்டி, பவர் ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்தன. வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தும்போது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

வீட்டில் இரண்டு பெண்கள் போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். அம்மா அக்கம்மாள் தரையில், போன் ஸ்டாண்டின் காலைப் பிடித்தபடி. ஹேமாவதி சுவரோடு சுவராக. முன்னறையின் மூலையில், டி.வி.க்குப் பக்கத்தில், அந்தப் பச்சை நிறப் போன். மேலே ஹேமாவதி கல்யாணமாகி வந்த புதிதில் மயில் போட்டுத் தைத்த துணி உறை.

சரியாக இரண்டு மணிக்கு அது அடித்தது.

பேசியது ஒரு பெண். தமிழ்தான்; ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ் இல்லை. தான் யாழ்ப்பாணத்தவள் என்றும், போலீஸுக்காக மொழிபெயர்க்க வந்திருப்பதாகவும், பக்கத்தில் ஒரு அதிகாரி இருப்பதாகவும் சொன்னாள். விஜயகுமாரோடு அறையில் தங்கியிருக்கும் சங்கரலிங்கம், போடிநாயக்கனூர்ப் பையன், திங்கட்கிழமை புகார் கொடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு தனியாகக் கிளம்பியவன் திரும்பவில்லை. எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. செல்போன் அணைந்து கிடக்கிறது.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைத் தங்கப்பாண்டியன் இரண்டு முறை கேட்டு வாங்கினான்.

"ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டு நம்பருக்கு வழமையான மிஸ்ட் கோல் ஒண்டு. அதுக்குப் பிறகு ஒன்பது தரம் எடுத்திருக்கிறார். எட்டுத் தரம் ஒருவரும் தூக்கேல்ல. ஒன்பதாந் தரம் நீங்கள் தூக்கியிருக்கிறீங்கள். முப்பத்தெட்டு நிமிசம் லைன் இருந்திருக்கு. என்ன கதைச்சவர் எண்டு பொலிஸ் கேக்குது. எங்க நிக்கிறன் எண்டு ஏதும் சொன்னவரே?"

"நாங்க யாரும் பேசலைம்மா."

மறுமுனையில் ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"கம்பெனிக் கணக்கில வடிவாக் கிடக்கு அண்ணா. முப்பத்தெட்டு நிமிசம். அதுதான் அவரின்ர கடைசி கோல். யோசிச்சுப் பாருங்கோ. வீட்டில ஆரோ ஒராள் தூக்கியிருக்கினம். அந்தாளிட்டத்தான் இவரை எங்க தேடுறது எண்ட விசயம் இருக்கு."

சங்கரலிங்கத்தின் நம்பரைக் கொடுத்தாள். வைத்துவிட்டாள். தங்கப்பாண்டியன் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

எட்டுத் தரம் யாரும் எடுக்கவில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. எடுக்க வேண்டாம் என்று சொன்னதே அவன்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குப் போன் இரண்டு முறை அடித்து நிற்கும். விஜயகுமார் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. எடுத்தால் அவனுக்குக் காசு. அக்கம்மாள் அந்த இரண்டு மணியோசைக்காக நாலு மணியிலிருந்தே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அடித்து ஓய்ந்ததும் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு வருடத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. ஒரு முறைகூட மூன்றாவது மணி அடித்ததில்லை. ஆகவே, மூன்றாவது மணி அடித்தால் அது விஜயகுமார் இல்லை. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை அது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமையும் நாலரைக்குப் போன் இரண்டு முறை அடித்தது. ஓய்ந்தது. கால் மணி நேரத்தில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கடமலைக்குண்டு சங்கிலி, அவர் மனைவி, மைத்துனர், இன்னும் மூன்று பேர். விஜயகுமாருக்குத் தங்கள் பெண்ணைக் கொடுக்கப் பேச வந்தவர்கள்.

சிக்கல் என்னவென்றால், மார்க்கையன்கோட்டை மொக்கைச்சாமியும் தன் மகளைக் கொடுக்க ஆசைப்பட்டு, ஒரு வாரமாகப் பதில் கேட்டுப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். தங்கப்பாண்டியன் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தான். இந்த வீட்டார் முன்னறையில் கேசரி சாப்பிடும்போது அந்த வீட்டாரோடு போனில் பேச முடியுமா?

நாலு ஐம்பதுக்குப் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மொக்கைச்சாமிதான் என்று தங்கப்பாண்டியனும் ஹேமாவதியும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சங்கிலி போனைப் பார்த்தார்; தங்கப்பாண்டியனைப் பார்த்தார். "ராங் நம்பருங்க. ஒரு வாரமா இதே தொல்லை" என்றான் அவன்.

எட்டுத் தரம். ஒவ்வொன்றும் முழுசாக ஒரு நிமிடம்.

அது மொக்கைச்சாமி இல்லை. தம்பி. எங்கேயோ ஒரு ஆபத்தில் மாட்டிக்கொண்டு, வீடு எடுக்கும் எடுக்கும் என்று.

தங்கப்பாண்டியன் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"ஒன்பதாவது தடவை யாரு எடுத்தது?"

ஹேமாவதி தலையை ஆட்டினாள். "நான் யாருகிட்டயும் பேசலைங்க. ஆத்தா சத்தியமா ஒரு வார்த்தை பேசலை."

அவன் அம்மாவின் பக்கம் குனிந்தான்.

"நீ எடுத்தியாத்தா? அவன் என்னமும் சொன்னானா?"

அக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் இதே பார்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கன எடுத்தேன். அவன் கூப்பிட்டான். ஆத்தா ஆத்தான்னு கூப்பிட்டான். நான் அப்பவே சொன்னேன்ல. நீதான டி.வி.ன்னே."

சொன்னது உண்மை. விருந்தாளிகள் இருக்கும்போதே சொன்னாள். சங்கிலி ஜாதகத்தைப் பிரித்த நேரத்தில், "ஏலே, தம்பி கூப்பிடுற மாதிரி இருக்குடா" என்றாள். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கதாநாயகன் அழுதுகொண்டிருந்தான். வந்தவர்கள் முன்னால் அம்மாவுக்குப் புத்தி பிசகியது போலத் தெரிந்துவிடக் கூடாதே என்று தங்கப்பாண்டியன் அவளை அதட்டி உட்கார வைத்தான். சங்கிலியின் மனைவி மட்டும், "பெத்த மனசு. லண்டன்ல இருந்தாலும் காதுக்குள்ளயே கூப்பிடும்" என்று சிரித்தாள்.

"விளையாடாதாத்தா. போனை நீ எடுத்துருந்தா சொல்லிரு. நான் வையமாட்டேன். அவன் எங்கன இருக்கேன்னு சொன்னானா? அத மட்டும் சொல்லு."

"போனை நான் தொடலடா. குரலுதான் கேட்டுச்சு."

அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். உலுக்கிய கையைத் தானே எடுத்துக்கொண்டான். ஹேமாவதி தண்ணீர் கொண்டுவரப் போனவள், அடுப்படியில் சொம்பைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

மணி இரண்டே முக்கால். அங்கே காலை பத்தேகால். ஞாயிறு மத்தியானத்திலிருந்து கிட்டத்தட்ட நாற்பத்தாறு மணி நேரம்.

தங்கப்பாண்டியனுக்கு அப்போதுதான் மெயில் ஞாபகம் வந்தது.

தம்பி அங்கே போனதிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு மெயில் அனுப்புவான். அண்ணன் பெயரில் கணக்குத் தொடங்கி, ஜீப் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துக் கொடுத்ததும் அவனேதான். கம்பத்தில் சுருளிவேலின் பிரவுசிங் சென்டரில் முதல் இரண்டு மெயிலை மட்டும் தங்கப்பாண்டியன் பார்த்தான். இரண்டிலும் இடிந்த சுவர் போட்டோக்கள். ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு போகவில்லை. கேட்டால் "பார்த்தேன்டா, நல்லாருக்கு" என்பான்.

பதினைந்து நிமிடத்தில் கம்பம். ஓடிப்போய்ப் படியேறினான். சுருளிவேல் வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே ஆறு கம்ப்யூட்டரும் கறுத்துக் கிடந்தன.

"கரண்ட் கட்டு. நாலு மணிக்குத்தான் வரும்" என்றார்.

தங்கப்பாண்டியன் விஷயத்தைச் சொன்னான். சுருளிவேல் எழுந்து உள்ளே போய் யூ.பி.எஸ். பெட்டியைத் தட்டினார், ஸ்விட்சை நாலு தடவை போட்டு அணைத்தார், உசிர் போய் மூணு மாசம் ஆச்சு என்று தானே வெட்கப்பட்டார். பக்கத்துத் தெருவில் இன்னொரு சென்டர் இருக்கிறதே என்று கேட்டதற்கு, அங்கேயும் இதே லைன்தான் என்றார். ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஜவுளிக்கடையில் இன்டர்நெட் இல்லை. இன்டர்நெட் இருக்கும் வங்கியில் வெளியாளை உட்கார விடமாட்டார்கள். தங்கப்பாண்டியன் அங்கேயும் ஓடிப்போய்க் கெஞ்சித் திரும்பி வந்தான்.

பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கறுத்த திரையில் அவன் முகம்தான் தெரிந்தது. ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறானோ இல்லையோ. இந்தப் பக்கம் ஒருவன் கரண்டுக்காகக் காத்திருந்தான். மோட்டார் கழற்றத் தெரியும், மலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஜீப் ஓட்டத் தெரியும், பதினாலு பேர் சண்டையை ஒரே அதட்டலில் அடக்கத் தெரியும். அத்தனையும் அந்த நாற்காலியில் ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

நாலு மணி அடித்து ஏழு நிமிடம் கழித்து மின்விசிறி சுற்றியது.

கணக்கைத் திறந்ததும் சுருளிவேல் அவனைத் திரும்பிப் பார்த்தார். பதினேழு மெயில். பதினேழும் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் நின்றன.  மேலே இருந்ததைச் சொடுக்கினார். சனிக்கிழமை தேதி.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். சுருளிவேல் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அண்ணே, நாளைக்குத் தார்ன்வெல்னு ஒரு கோட்டைக்குப் போறேன். டிக்கெட் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, யாரும் வர மாட்டாக. ஆடு மேயிற காட்டுக்கு நடுவுல தன்னந்தனியா நிக்கிது. போன மெயில்ல கேட்டேனே, நம்ம ஊர்க்காரக வண்டில கல்ல ஏத்திட்டுப் போற மாதிரி இவுகளும் செஞ்சிருப்பாகளான்னு. செஞ்சிருக்காக. கோட்டை விழுந்ததும் சுத்துப்பட்டு ஊர்க்காரக பூராம் வந்து கல்லப் பேத்துக் கொண்டுபோய் வீடு கட்டிக்கிட்டாக. பன்னித் தொழுவத்துச் சுவத்துலகூட ராசா வீட்டு ஜன்னல் வளைவு இருக்காம்."

தங்கப்பாண்டியன் திரைக்கு முன்னால் குனிந்தான். சுருளிவேல் தொடர்ந்தார்.

தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் கடந்து வந்த ஒரு பிரபு மண்மேடு கொட்டி, மேலே மரத்தால் கட்டிய கோட்டை அது. அவன் பேரன் அதைக் கல்லாக மாற்றினான். சுவரின் கனம் மட்டும் பன்னிரண்டு அடி. ஐந்நூறு வருடம் ஒருத்தனும் அதை அசைக்கவில்லை. பிறகு ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை வந்தது. ராஜாவின் ஆட்கள் எழுபது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பதினொரு வாரம். குதிரைகளைத் தின்றார்கள்.

"அந்தக் கோட்டையில ஒரு பழக்கம் இருந்துச்சுண்ணே. பொழுது சாஞ்சா வடக்குக் கோபுரத்து மேல தீ வைப்பாக. தூரத்து மலையில இருக்கிற அவுக ஆளுக அதப் பாத்துட்டு, இங்கன எல்லாரும் நல்லாருக்காகன்னு தூங்கப் போயிருவாக. முற்றுகை வந்தப்பவும் அதே தீயைத்தான் வச்சாக. உதவிக்கு வாங்கன்னு ராத்திரி பூராம் பெருசா எரிச்சாக. அந்த மலையில இருந்தவுக..."

"அதப் படிக்காதீகண்ணே" என்றான் தங்கப்பாண்டியன். "எங்கன இருக்கு, எந்த எடத்துக்குப் போறான், அத மட்டும் பாருங்க."

சுருளிவேல் விரலால் வரிகளைத் தாண்டினார். கோட்டை சரணடைந்ததும், இனி யாரும் உள்ளே ஒளியக் கூடாது என்று அஸ்திவாரத்தில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். வடக்குக் கோபுரம் மட்டும் பாதியாகப் பிளந்து நிற்கிறது. அதற்கு அடியில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். முதலில் தானியக் கிடங்கு, பிறகு சிறை. படி கிடையாது, கயிற்றில்தான் இறக்குவார்கள். கல் செதுக்கிய கொத்தனார் ஒவ்வொருவரும் கூலிக்கு அடையாளமாகத் தன் கல்லில் ஒரு குறி வெட்டுவான். மேலே இருந்த குறிகள் மழையில் கரைந்துபோயின. பள்ளத்துக்குள் இருப்பவை மட்டும் நேற்று வெட்டியது போல இருக்குமாம். யாரும் வரைந்து வைத்ததில்லை.

"பள்ளத்து மேல பலகை போட்டு மூடியிருக்காக. நான் நாளைக்கு அத விலக்கிட்டுப் பார்க்கப் போறேன்."

மெயில் முடியும் இடத்தில் ஒரு வரி மட்டும் தனியாக இருந்தது. இதையும் நீங்க படிக்க மாட்டீகன்னு தெரியும்ணே, ஆனா எழுதுனாத்தான் எனக்கு வீட்ல பேசுன மாதிரி இருக்கு.

கீழேயே எஸ்.டி.டி. பூத். தங்கப்பாண்டியன் சங்கரலிங்கத்தைப் பிடித்தான். தார்ன்வெல் என்ற பெயரைச் சுருளிவேல் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுக்க, அவன் ஒவ்வொன்றாக ஒப்பித்தான். வடக்குக் கோபுரம். அடியில் பள்ளம். மேலே பலகை. மூன்று தடவை சொன்னான். சங்கரலிங்கம், "போலீஸ்கிட்ட இப்பவே சொல்றேண்ணே" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று மணி நேரம். போனைச் சுற்றி மறுபடி அதே மூன்று பேர். யாரும் விளக்கைப் போடவில்லை. ஹேமாவதி துணி உறையைப் போனிலிருந்து எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மடித்ததைப் பிரித்தாள். பிரித்ததை மடித்தாள். அக்கம்மாள் மட்டும் இரண்டொரு தடவை, "கூப்பிட்டாண்டா" என்றாள். யாரும் அவளை அதட்டவில்லை.

ஏழே முக்காலுக்கு அடித்த முதல் மணியிலேயே தங்கப்பாண்டியன் எடுத்துவிட்டான்.

உயிர் இருக்கிறது.

சங்கரலிங்கம் அழுதுகொண்டே சொன்னான். உளுத்துப் போன பலகை. கால் வைத்ததும் உடைந்து, இருபது அடிக்குக் கீழே விழுந்திருக்கிறான். வலது கால் முட்டிக்குக் கீழே சுக்கல். வலது கை தோளோடு கழன்று கிடக்கிறது. சுவரில் வழிந்த மழைத்தண்ணீரை நக்கித்தான் இரண்டு நாள் ஓட்டியிருக்கிறான். செல்போனும் அவனோடு விழுந்து, நம்பர்ப் பட்டன் எல்லாம் நொறுங்கிவிட்டது. பச்சைப் பட்டன் ஒன்றுதான் வேலை செய்தது. அதை இரண்டு தரம் அழுத்தினால் கடைசியாக அழைத்த நம்பருக்குப் போகும்.

கடைசி நம்பர், விழுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் கோட்டை வாசலில் நின்று அவன் வீட்டுக்குக் கொடுத்த மிஸ்ட் கால்.

"போலீஸ் நம்பர் மூணே பட்டன்தாண்ணே. அதையும் அழுத்த முடியலை. வீட்டுக்கு மட்டும்தான் போச்சு. ஒன்பதாவது காலோட பேலன்ஸ் தீந்துருச்சாம், சார்ஜும் போயிருச்சாம்."

"ஒன்பதாவதுல யாருகிட்டடா பேசினானாம்?"

"தெரியலைண்ணே. தூக்கினப்ப இம்புட்டுத்தான் சொன்னான், இப்ப மயக்கத்துல இருக்கான்."

புதன்கிழமை ஆபரேஷன் செய்து வலது காலை எடுத்துவிட்டார்கள். முட்டிக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சங்கரலிங்கம், சொல்லக் கூடாது என்று தெரியாமல், சொல்லிவிட்டான். தங்கப்பாண்டியன் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு மதுரை போனான். முப்பது நாள் ஆகும் என்றார்கள். அவசரம் என்றால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். விசா அதற்கு மேல். பட்டியலைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

கடமலைக்குண்டுக்காரர்களுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தம்பியிடமும் அவர்கள் வந்துபோனதைச் சொல்லவில்லை. பெண் பார்க்கும் பேச்சு முடிவான பிறகு சொல்லலாம் என்று வீட்டில் முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். இப்போது அதைச் சொல்லும் நேரமா? சங்கரலிங்கத்துக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு விஜயகுமாரே பேசினான்.

குரல் நூலாக இழுத்தது. முதலில் அக்கம்மாளிடம் கொடுத்தார்கள். அவள் "ராசா" என்றதோடு சரி. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள், எதிரே இருப்பவன் பார்ப்பது போல. பிறகு தங்கப்பாண்டியன் வாங்கினான். என்ன பேசுவது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டான். வலிக்குதா என்று கேட்டான். நான் வந்துருவேன் என்றான், பட்டியல் பைக்குள் இருப்பது தெரிந்தும்.

"வேணாம்ணே. எதுக்கு" என்றான் தம்பி. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "கடமலைக்குண்டுக்காரகளுக்குச் சொல்லியாச்சா?"

"என்னத்தடா?"

"கால் போனத. மறைச்சு வைக்காதீகண்ணே. பாவம், அந்தப் பிள்ளை டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்குன்னு அவுக அப்பா எம்புட்டு ஆசையாச் சொன்னாக."

தங்கப்பாண்டியன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

"அது உனக்கு யாருடா சொன்னா?"

ஆஸ்பத்திரியில் ஏதோ கருவி சீராகச் சத்தமிட்டது.

"டேய், விஜயா. அவுக வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதாண்ணே பேசிக்கிட்டிருந்தீக" என்றான் விஜயகுமார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "மதினி செஞ்ச கேசரி நல்லாருக்குன்னு அந்தம்மா சொன்னாக. தம்பி அங்கன எப்படி இருக்கான்னு அவுக கேட்டப்ப, அவனுக்கென்ன, இந்நேரம் ஏதாவது கோட்டையில ராசா மாதிரி சுத்திக்கிட்டு இருப்பான்னு சொல்லிச் சிரிச்சீக. நான் கத்திக்கிட்டே இருந்தேண்ணே. ஆத்தாவுக்கு மட்டும்தான் கேட்டுச்சு. நீங்க டி.வி.ன்னுட்டீக."

தங்கப்பாண்டியன் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி அதே இடத்தில் கிடந்தது. போன் ஸ்டாண்டிலிருந்து ஒரு முழம்.

ஹேமாவதி அடுப்படி நிலைப்படியில் நின்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அவள் அவனைப் பார்க்கவில்லை. கையில் இருந்த மயில் போட்ட துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தச் சனியனை எப்படியாச்சும் நிப்பாட்டுன்னு எங்கிட்டச் சொல்லிட்டு வெத்தலை வாங்க வெளிய போனீக. அது ஒன்பதாவதா அடிச்சுச்சு. எடுத்து, காதுல வைக்காம, பக்கத்துல கெடத்திட்டு மேல இந்தத் துணிய மூடுனேன். அவுக எந்திரிச்சுப் போனப்புறம்தான் திரும்ப எடுத்து வச்சேன்."